மூன்றாவது போனஸ்

நைட் டியூட்டி முடிஞ்சு வர
கேற்றில தொங்குது ஒரு சொப்பின் பை.
மெல்லிய மட்டை உறை, உள்ளுக்கை சீடி.
கறள்.
அதுதான் பெடியளின்ர குழுவுக்குப் பேர்,
இரும்பில பிடிக்கிற அதே கறள்.
சிங்கிள்: ஆனையிறவில் நித்திரை.
கீழே பொடியெழுத்தில, போனஸ் மூண்டு.

கொக்குவிலில இரண்டு வருசம்
என்ர படுக்கையறைச் சுவருக்கு அங்கால
ஒரு கராஜுக்குள்ள இருந்தவை.
நிரோஜன் கிற்றார், குருநகர் அமலதாஸ் பேஸ்.
ட்றம்ஸுக்கு ஒரு மெல்லிசுப் பெடியன், கிருத்திகன்,
அவன் அடிச்சால் என்ர அலுமாரிக் கண்ணாடி நடுங்கும்.
நான் பகலில நித்திரை கொள்ளுற சீவன்.
இருபத்தெட்டுக் கட்டில், ஓடாத ஒரு காத்தாடி,
விடியவிடியத் தண்ணி கேக்கிற ஒரு கிழவர்,
எல்லாத்தையும் வாட்டில விட்டிட்டு வந்து சரிஞ்சால்
பத்து மணிக்கு இவை தொடங்குவினம்.
மதிலுக்கு மேலால எத்தினை தரம் கத்தியிருப்பன்.
ஒருக்கால் தும்புத்தடி எறிஞ்சனான்.
திருப்பித் தந்தவை,
மரியாதையாத்தான்.

யூனிபோம் கழட்டாமல்
ரீவிக்குக் கீழ கிடந்த பழைய பெட்டிக்குள்ள போட்டன்.
பாட்டுப் பரவாயில்லை.
கொழும்பு பஸ், விடியப்புறம்,
சனமெல்லாம் வாய் திறந்து நித்திரை,
கொண்டக்டர் மட்டும் உப்புவெளியைப் பாத்தபடி நிக்கிறான்.
அந்த இடத்தில ஒருத்தரும் கண்மூடாத காலமொண்டு இருந்தது.
பாட்டில அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை.
கிற்றார் மட்டும் ஒரே சுரத்தில நிண்டு
போகமாட்டன் எண்டு அடம்பிடிக்குது.

முதல் போனஸ், வீரசிங்கம் மண்டபத்தில மேடைக் கச்சேரி.
நடுவில கரண்ட் நிண்டிட்டுது.
கிற்றார் செத்தது, பேஸ் செத்தது, மைக்கும்.
கிருத்திகனுக்குக் கரண்ட் தேவையில்லை, அவன் அடிக்கிறான்.
இருட்டில சனம் பாட்டைத் தூக்கிக்கொண்டு போகுது,
ஒருத்தருக்கும் சுருதி இல்லை.
திரும்பக் கரண்ட் வர
"அட, சீ" எண்டு யாரோ சலிச்சதும் பதிவாகியிருக்கு.

இரண்டாவது, கராஜில பிடிச்சது.
இரண்டு நிமிசம் பதினொரு செக்கனில
ஒரு பொம்பிளை கத்துறா:
"மனுசர் படுக்கிறேல்லையோடா!"

என்ர குரல்.

முகம் கொதிச்சுது. போனை எடுத்தன்,
நம்பர் ஒண்டும் இல்லையெண்டு பிறகுதான் விளங்கிச்சுது.
திரும்பப் போட்டன், ஆத்திரத்தோடதான்.
நான் கத்தி முடிக்கிற இடத்தில
கிற்றார் அதையே மூண்டு சுரத்தில திருப்பிச் சொல்லுது,
நக்கலில்லை,
கேட்டதுக்கு மறுமொழி சொல்லுற மாதிரி.
தாளமும் தப்பேல்லை நான்.
இன்னொருக்கால் போட்டன்.

மூண்டாவதுக்குப் பேரே இல்லை.
கனநேரம் ஒண்டும் கேக்கேல்லை, சீடி பழுதோ எண்டு எழும்பப் போனன்.
பிறகு ஒரு குசுகுசுப்பு:
"அக்கா இப்பத்தான் வந்து படுத்தவா. மெல்ல."

பேஸ் வயரைக் கழட்டிப்போட்டு
வெறும் கம்பியில வாசிக்கிறான் அமலதாஸ்.
தோல் மேல விரல்,
குச்சியில்லை, வெறும் விரல் நுனி,
பல்லி நடக்கிற அளவு.
அதே பாட்டு, ஆறு நிமிசம்,
சொல்லெல்லாம் மூச்சாய்.

இப்பிடி எத்தினை நாள் நடந்ததோ
என்ர நித்திரைக்கு அங்கால.
நான் கணக்கில வைச்சிருந்தது
எழும்பிக் கத்தின நாளுகளை மட்டும்.

இப்ப அந்தக் கராஜில ரியூசன்.
நாப்பது பிள்ளையள் ஒரே குரலில வாய்ப்பாடு.
கிருத்திகன் ருமேனியாவில ஏதோ பாக்டறியிலயாம்,
கேற்றில பையைத் தொங்கவிட்டது ஆரெண்டு தெரியேல்லை.

நாலாம் நிமிசத்தில தூரத்தில நாயொண்டு குரைக்கும்.
அது எங்கட பிறவுணி.
உறையைத் திருப்பித் திருப்பிப் பாத்தன்,
நன்றி எண்டு பதினேழு பேர்,
ஒலிபெருக்கி வாடகைக்குத் தந்தவர் உட்பட.
பிறவுணியைப் போட்டிருக்கலாம்.
நான் பின்னேரத்தில கூப்பிடுறதில
அதின்ர பேர் அவைக்குத் தெரியும்.
என்ர பேர்தான் தெரியாது.